கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குப் பிறகு "மறுபடியும் வாருங்கள்" என்றால்: காத்திருக்கும் நாட்களுக்கான கேள்வி பதில்

பாப் ஸ்மியரோ (கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்ப்பது), ஹெச்பிவி டெஸ்டோ (அங்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது) எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதை மறந்தே போயிருந்த ஒரு நாளில் குறுஞ்செய்தி வருகிறது: "ரிசல்ட் தொடர்பாக ஒருமுறை வந்து பார்க்கவும்." எனக்கு அப்படித்தான் வந்தது. அதற்கும் கோல்போஸ்கோபி, அதாவது கர்ப்பப்பை வாயைக் கருவி வழியாகக் கிட்டே பார்க்கும் பரிசோதனை, அதன் தேதிக்கும் நடுவில் ஐந்து வாரம். வயிற்றில் புளியைக் கரைத்த ஐந்து வாரம் அது. அதன் பிறகு இதே நிலையில் இருந்த பல பெண்களோடு பேசியிருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதும், நான் அன்று கேட்க ஆளில்லாமல் தவித்ததும்தான் இந்தக் கேள்விகள். நான் மருத்துவர் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர். அந்த நாள் வரும்வரை எப்படி இருப்பது என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

மறுபடியும் வரச் சொல்கிறார்கள். அப்படியானால் எனக்குப் புற்றுநோயா?

மறுபடியும் கூப்பிடப்படும் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. இந்த டெஸ்ட் முக்கியமாகத் தேடுவதே அதற்கு முந்தைய கட்டத்தை. புற்றுநோயாக மாறக்கூடிய செல்களை, மாறுவதற்குப் பல வருடம் முன்பே பிடித்துவிடுவதுதான் அதன் வேலை. அதனால் சின்ன மாற்றம் தெரிந்தாலும் "எதற்கும் கிட்டே போய்ப் பார்த்துவிடலாம்" என்று கூப்பிடுவார்கள்.

காரணம் ரொம்பச் சாதாரணமாகக்கூட இருக்கலாம். எடுத்த மாதிரியில் போதுமான செல்கள் இல்லை, அல்லது ரத்தமும் அழற்சியும் மறைத்துவிட்டன என்றால் சில மாதம் விட்டு மறுபடி எடுக்கச் சொல்வார்கள். ஹெச்பிவி இருக்கிறது, ஆனால் செல்கள் இயல்பாக இருக்கின்றன என்றால் பல இடங்களில் ஒரு வருடம் கழித்து இன்னொரு டெஸ்ட், அவ்வளவுதான். அதிலேயே 16, 18 என்ற இரண்டு வகைகள் என்றால் நேரே கோல்போஸ்கோபிக்கு அனுப்புவதும் உண்டு. செல்களில் மாற்றம் தெரிந்தாலும் பெரும்பாலும் கோல்போஸ்கோபிதான். இவற்றில் உங்களுடையது எது என்று தெரியாமல் பயப்படுவதுதான் பாதிப் பயம். முதல் வேலையாக அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் இருக்கும் வார்த்தைகள் எல்லாம் பயமுறுத்துகின்றன. அவற்றுக்கு என்ன அர்த்தம்?

ஆஸ்கஸ் (ASC-US) என்றால், செல்கள் முழுக்க இயல்பாகவும் இல்லை, மாற்றம் என்று உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை என்று பொருள். எல்சில் (LSIL) என்பது லேசான மாற்றம். உடம்பில் ஹெச்பிவி நடமாடுவதன் தடயமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நிறைய பேருக்குத் தானாகவே சரியாகிவிடும். ஹெச்சில் (HSIL) என்றால் மாற்றம் கொஞ்சம் தீவிரம், தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும். அப்போதும் அது புற்றுநோய் என்று ஆகிவிடாது.

அடுத்து சிஐஎன் (CIN) 1, 2, 3. இந்த எண்கள் பயாப்ஸிக்கு, அதாவது சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிப்பதற்கு, பிறகு வருபவை. இதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் "சிஐஎன் 3" என்று படித்துவிட்டு, அதை மூன்றாம் ஸ்டேஜ் புற்றுநோய் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் படுத்துக் கிடந்தார். பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றுகூட யோசித்துவிட்டார். இந்த எண்ணுக்கும் ஸ்டேஜுக்கும் சம்பந்தமே இல்லை. கர்ப்பப்பை வாயை மூடியிருக்கும் மெல்லிய மேல்படலத்தில், மாறிய செல்கள் எவ்வளவு ஆழம் வரை இருக்கின்றன என்பதைத்தான் அது சொல்கிறது. அடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் நின்றால் 1. ஏறக்குறைய முழுப் படலமும் மாறியிருந்தால் 3. அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளே இறங்கினால்தான் புற்றுநோய். சிஐஎன் 3 கட்டாயம் சிகிச்சை எடுக்க வேண்டிய ஒன்று. ஆனால் அது புற்றுநோய்க்கு முந்தைய படி.

தேதி கொடுத்திருப்பதே பல வாரம் கழித்துத்தான். அதற்குள் வளர்ந்துவிடாதா?

என்னை இரவெல்லாம் விழிக்க வைத்த கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எல்லா நேரத்திலும் காரணம் ஹெச்பிவி வைரஸின் சில வகைகள்தான். இந்தத் தொடர்பைக் கண்டறிந்ததற்காக ஹரால்ட் சூர் ஹவுசன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானிக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. 16, 18 ஆகிய இரு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீதப் புற்றுநோய்களுக்குக் காரணம். ஆனால் வைரஸ் வந்துவிட்டால் புற்றுநோய் என்று கணக்கு இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை அடக்கிவிடும். அடக்காமல் தங்கிவிட்டாலும், இயல்பான எதிர்ப்புச் சக்தி இருக்கும் பெண்ணுக்கு அது புற்றுநோயாக மாற 15 முதல் 20 வருடம் ஆகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, உதாரணமாக சிகிச்சை எடுக்காத ஹெச்ஐவி இருப்பவர்களுக்கு, 5 முதல் 10 வருடம். அப்படி ஏதாவது உங்களுக்கு இருந்தால், அல்லது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுத்துக்கொண்டால், தேதி கேட்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சை இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் துயரமான ஒரு வழியில் நமக்குத் தெரியும். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், சிஐஎன் 3 இருந்த சில பெண்களுக்குச் சரியான சிகிச்சை தராமலே வெறுமனே கவனித்து வந்தார்கள். என்ன நடக்கிறது என்று அந்தப் பெண்களுக்கே சொல்லவில்லை. பின்னால் விசாரணை வைத்து, 1988-ல் அதன் அறிக்கை வந்தது. அந்தப் பெண்களின் பதிவுகளைப் பிற்பாடு ஆராய்ந்தபோது, சிகிச்சை கிடைக்காமல் போனவர்களில் 30 வருடத்தில் சுமார் 30 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களிடம் அது 1 சதவீதத்துக்கும் கீழே. இந்த எண்ணிக்கையைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பெண்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்கு நடந்தது நடந்திருக்கவே கூடாது. ஆனால் அவர்கள் மூலம் தெரியவந்த ஒன்று, இன்று காத்திருக்கும் நமக்கு ஆறுதல்: இந்த நோய் வருடக் கணக்கில் நகர்வது. நம் பயம் மணிக் கணக்கில் நகர்கிறது. ஐந்து வாரம் நமக்கு நீளம், செல்லுக்கு அது ரொம்பக் குறுகிய காலம்.

அதற்காக, கொடுத்த தேதிக்குப் போகாமல் வருடக் கணக்கில் விட்டுவிடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரங்களைத் தாங்கலாம், வருடங்களை விடக் கூடாது.

பகலில் எப்படியோ ஓடிவிடுகிறது. ராத்திரி படுத்தால் தூக்கமே வரவில்லை. என்ன செய்வது?

பகலில் வேலை இருக்கிறது. ராத்திரியில் அந்த ஒரே யோசனைதான் இருக்கிறது. எனக்கு இரண்டரை மணிக்கு முழிப்பு வரும். கை தானாகப் போனை எடுக்கும். அதே குறுஞ்செய்தியைத் திறந்து "தொடர்பாக" என்ற வார்த்தைக்குள் வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அந்தச் செய்தியில் மொத்தம் ஐந்தே வார்த்தைகள். அதை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். முதலில், போனைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைப்பதை நிறுத்தினேன். வேறு அறையில் சார்ஜ் போட்டுவிட்டு, நேரம் பார்க்க ஒரு சாதாரணக் கடிகாரம் வைத்துக்கொண்டேன். இரண்டாவது, கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்கினேன். இது மனநல ஆலோசகர்கள் சொல்லித்தரும் வழிதான். சாயங்காலம் இருபது நிமிடம் ஒரு நோட்டோடு உட்கார்ந்து, பயமாக இருப்பதை எல்லாம் எழுதிவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இதை யாரிடம் கேட்கலாம்?" அல்லது "இதற்கு இப்போது ஒன்றும் செய்ய முடியாது" என்று குறித்துக்கொள்ள வேண்டும். ராத்திரி அதே எண்ணம் வந்தால், "நோட்டில் இருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று மனசுக்குச் சொல்லலாம். முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்காது. நாலாவது நாள் கொஞ்சம் நம்பிக்கை வரும்.

நெஞ்சு படபடவென்று அடிக்கும்போது யோசித்து எதையும் சரி செய்ய முடியாது, உடம்பு வழியாகத்தான் போக வேண்டும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறோ ஏழோ எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். அப்படியும் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே கிடக்க வேண்டாம். எழுந்து, வெளிச்சம் குறைவாக உள்ள இடத்தில் உட்கார்ந்து, துணி மடிப்பது மாதிரி ஒரு சின்ன வேலை செய்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பப் படுங்கள். பகலில் அரை மணி நேர நடையும் கணிசமாக உதவும்.

இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகத் தூங்கவோ சாப்பிடவோ முடியவில்லை, வேலை ஓடவில்லை என்றால் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ சொல்லுங்கள். "ரிசல்ட்டுக்குத்தானே காத்திருக்கிறேன், இதற்கெல்லாமா போவது" என்று தயங்காதீர்கள். உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு உடனே மருத்துவ உதவிக்குப் போங்கள்.

இணையத்தில் தேடிப் படிக்கலாமா?

படியுங்கள், ஆனால் கேள்வியோடு போங்கள். "கோல்போஸ்கோபிக்கு எப்படித் தயாராவது" என்று தேடினால் பதில் கிடைக்கும், மூடிவிடலாம். "எனக்கு என்ன ஆகும்" என்று தேடினால் முடிவே இருக்காது. நள்ளிரவில் தேடவே வேண்டாம். ஒரு பெண்ணின் மோசமான அனுபவத்தைப் படித்ததும் அது நமக்கும் நடக்கப்போகிறது என்று தோன்றிவிடும். ஒன்றும் இல்லாமல் வீடு திரும்பிய ஆயிரம் பேர் அதைப் பற்றி எழுதுவதே இல்லை.

சொன்ன நாள் தாண்டிவிட்டது, ரிசல்ட் வரவில்லை. போன் செய்தால் தொந்தரவாக நினைப்பார்களோ?

செய்யுங்கள். இதற்கு வெட்கப்பட ஒன்றுமே இல்லை. "தகவல் வரவில்லை என்றால் எல்லாம் சரி" என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தாள் தொலைந்திருக்கலாம், போன் நம்பரில் ஒரு இலக்கம் மாறியிருக்கலாம். எனக்கே பயாப்ஸி ரிசல்ட்டைப் பதினைந்து நாளில் சொல்கிறோம் என்று சொல்லி, இருபத்து மூன்றாவது நாள் நானாகக் கூப்பிட்டபோதுதான் ரிசல்ட் வந்து கிடப்பதே அவர்களுக்குத் தெரிந்தது.

பேசும்போது குரல் நடுங்கினால் எழுதி வைத்துப் படியுங்கள். "இன்ன தேதியில் கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுத்தேன். ரிசல்ட் வந்துவிட்டதா? வந்திருந்தால், மாதிரி போதவில்லையா, ஹெச்பிவியா, செல் மாற்றமா என்று சொல்ல முடியுமா? அவசரம் என்று குறித்திருக்கிறார்களா? அடுத்த தேதி எப்போது? யாராவது தேதியை ரத்து செய்தால் என்னைக் கூப்பிடுவீர்களா?" பேசியவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், அதனால் தேதி முன்னால் வந்த பெண்கள் உண்டு.

ஹெச்பிவி இருக்கிறது என்கிறார்கள். கணவரிடம் எப்படிச் சொல்வது? அவர் என்னைச் சந்தேகப்பட்டால்? அல்லது நான் அவரைச் சந்தேகப்பட வேண்டுமா?

யாரும் யாரையும் சந்தேகப்பட இந்த ரிசல்ட் ஒரு காரணமே இல்லை. பாலுறவு வாழ்க்கை உள்ள ஏறக்குறைய எல்லோருக்கும், ஆணோ பெண்ணோ, எப்போதாவது ஒருமுறை வந்து போகும் வைரஸ் இது. அறிகுறி இருக்காது. வருடக் கணக்கில் ஓசையில்லாமல் உடம்பில் கிடந்துவிட்டு ஒரு டெஸ்டில் தலைகாட்டும். இருபது வருடம் ஒருவரோடு மட்டுமே வாழ்ந்த பெண்ணுக்கும் வரலாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டெஸ்டாலும் சொல்ல முடியாது. ஆணுறை பரவுவதைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது, ஏனென்றால் இது தோல் படுவதாலேயே தொற்றக்கூடியது.

எப்படிச் சொல்வது என்றால், சின்னதாகச் சொல்லுங்கள். "டெஸ்டில் ஒரு வைரஸ் தெரிந்திருக்கிறது. ரொம்பப் பேருக்கு இருப்பதுதான். எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாதாம். செல்களை ஒருமுறை கிட்டே பார்க்க வேண்டும் என்கிறார்கள், நீங்களும் கூட வாருங்கள்." கடைசி வாக்கியம் முக்கியம். குற்றம் சொல்லும் பேச்சாகப் போகாமல் துணை கேட்கும் பேச்சாக அது மாற்றிவிடும். மருத்துவர் வாயால் கேட்டால்தான் நம்புவார் என்றால் அன்றைக்கே அவரையும் அழைத்துப் போங்கள். சொன்னால் அடி விழும், ஆபத்து என்று தோன்றினால் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அதை மருத்துவரிடம் சொல்லி வையுங்கள்.

குடும்பத்தில் எல்லோரிடமும் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். பதறாமல் கேட்கக்கூடிய ஒருவர் போதும். அக்காவோ தோழியோ, யாராக இருந்தாலும் சரி. சொன்ன பிறகு அவரைச் சமாதானப்படுத்துவதே உங்கள் வேலையாகிவிடும் என்றால், அவரிடம் ரிசல்ட் தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

கோல்போஸ்கோபி எப்படி இருக்கும்? வலிக்குமா?

பாப் ஸ்மியருக்குப் படுத்த மாதிரியேதான். ஸ்பெகுலம் (யோனியை மெல்ல விரித்துப் பிடிக்கும் கருவி) வைத்து, பூதக்கண்ணாடியும் விளக்கும் உள்ள ஒரு கருவி வழியாகப் பார்ப்பார்கள். அந்தக் கருவி உடம்புக்கு வெளியேதான் நிற்கும், உள்ளே போகாது. எனக்கு இது தெரியாமல் அந்தப் பெரிய கருவியைப் பார்த்ததும் கை கால் விறைத்துவிட்டது. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவுவார்கள். வினிகர் வாடை வரும், கொஞ்சம் சில்லென்று இருக்கும், சிலருக்கு லேசாக எரியும். மாறிய செல்கள் இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். சில நேரம் அயோடினும் தடவிப் பார்ப்பார்கள். பத்து முதல் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

சந்தேகமான இடத்திலிருந்து அரிசி அளவுக்குத் துணுக்கு எடுத்தால் அதுதான் பயாப்ஸி. எனக்குச் சுருக்கென்று ஒரு கிள்ளல், பிறகு மாதவிலக்கு வலி மாதிரி ஒரு பிடிப்பு. சிலருக்கு இதைவிடக் கூடுதலாக வலிப்பதும் உண்டு, அதனால் வலி மருந்து முன்னாலேயே எடுக்கலாமா என்று கேட்டு வையுங்கள். முன்பு வலித்த அனுபவமோ, உடல்ரீதியான அத்துமீறலின் நினைவோ இருந்தால் படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சின்ன ஸ்பெகுலம் கேட்கலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். கையைத் தூக்கினால் நிறுத்திவிட வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளலாம். இது உங்கள் உடம்பு, கேட்பதில் தப்பே இல்லை.

ஒரு நாப்கின் எடுத்துப் போங்கள். பயாப்ஸி எடுத்தால் சில நாள் லேசான ரத்தமோ, மருந்து தடவியதால் காப்பித்தூள் மாதிரி கருப்பாக ஏதாவதோ வரும். அதைப் பார்த்து நான் ரொம்பப் பயந்துவிட்டேன், அதனால்தான் சொல்கிறேன்.

கர்ப்பமாக இருக்கும்போது இந்தத் தகவல் வந்தால்?

கர்ப்ப காலத்திலும் கோல்போஸ்கோபி பாதுகாப்பாகச் செய்யலாம். புற்றுநோய் இல்லை என்று தெரிந்தால், சிகிச்சையைப் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வார்கள். கர்ப்பம் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இப்போது தடுப்பூசி போட்டுக்கொண்டால் சரியாகிவிடுமா? வேறு ஏதாவது சாப்பிடலாமா?

இருக்கும் தொற்றைத் தடுப்பூசி நீக்காது. இன்னும் தொற்றாத வகைகளிலிருந்து காக்கலாம் என்பதால் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். வைரஸை விரட்டும் கஷாயம், மாத்திரை என்று யாராவது விற்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். புகைப்பழக்கம் இருந்தால் அதை விடுவதுதான் நம் கையில் உள்ள பெரிய உதவி, புகைப்பவர்களின் உடம்பு இந்த வைரஸை அடக்கச் சிரமப்படும்.

எந்த மாதிரி அறிகுறி இருந்தால் தேதி வரும்வரை காத்திருக்கக் கூடாது?

உடலுறவுக்குப் பிறகு ரத்தம், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம், மாதவிலக்கு நின்று போன பிறகு ரத்தம், நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், அடிவயிற்றில் விடாத வலி. இவற்றில் எது இருந்தாலும் உடனே போன் செய்து "அறிகுறி இருக்கிறது" என்று அந்த வார்த்தையாலேயே சொல்லுங்கள். இவற்றுக்கும் பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான் இருக்கும், இருந்தாலும் சீக்கிரம் பார்க்க வேண்டும். பயாப்ஸிக்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் நாப்கின் முழுக்க நனையும் அளவுக்கு ரத்தம் போனாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பயம் போகவில்லையே?

எனக்கும் போகவில்லை. சிஐஎன் 1, சிகிச்சை வேண்டாம், ஒரு வருடம் கழித்து வாருங்கள் என்றார்கள். வெளியே வந்து சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன், வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். இத்தனை வாரமாகப் பிடித்து வைத்திருந்தது அப்போதுதான் இறங்கியது. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் போன் அடித்தால் திடுக்கென்றது.

அடுத்த டெஸ்ட் தேதியை நாட்காட்டியில் குறித்துவிட்டு, அதற்கு ஒரு வாரம் முன்னால் அலாரம் வைத்தேன். அதை நினைவில் வைத்திருக்கும் வேலை இனி என்னுடையது இல்லை, அலாரத்தினுடையது. மறுவருடம் அலாரம் அடித்தபோது வயிறு ஒருமுறை சுருண்டது உண்மைதான். அன்றைக்கே போன் செய்து நேரம் வாங்கினேன். தோழியைக் கூட வரச் சொன்னேன். பையில் ஒரு நாப்கினும், கேள்வி எழுதிய அந்தப் பழைய நோட்டும் இருந்தன.